ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கம்

அன்பு மாறாத கோகிலாக்கா,

"ஏம்மா, உன் கிளாஸ்ல 'இது சரியா டீச்சர்?'னு கேக்காத பிள்ளை ஒண்ணாவது இருக்கா?"

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆங் மோ கியோ பள்ளியில் ஓவிய அறை வாசலில், கழுவாத சாயத் தட்டுகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேட்டீர்கள். என் பெயரைக்கூட அப்போது நீங்கள் கேட்டிருக்கவில்லை. "எல்லாருமே கேப்பாங்க. அதுதானே ஒழுங்கு?" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பு தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரைக்கும் போனது. "நல்ல வேளை, நீ டாக்டருக்குப் படிக்கல. நோயாளியெல்லாம் 'எனக்கு வலிக்குதா டாக்டர்?'னு உன்கிட்டயே கேட்டிருப்பாங்க" என்றீர்கள். அப்புறம்தான் பெயர் கேட்டீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் இல்லாத சிங்கப்பூரில் சொல்ல நிறையச் செய்தி சேர்ந்துவிட்டது. தேக்காவில் தீபாவளி விளக்குகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்த வருடமும் மயில்தான். அண்ணாந்து பார்த்தபோது, "இந்த மயிலுக்கு லீவே கிடையாதா?" என்று நீங்கள் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருந்தது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் தோசை கொஞ்சம் சிறுத்திருக்கிறது. சட்னி மட்டும் அதே சட்னி. உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். உங்கள் சாயக் கறை படிந்த ஏப்ரனைத் துவைத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய செய்தி இனிமேல்தான். நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறேன் அக்கா! ஓய்வு பெற்றதும் பத்து மணிவரை தூங்குவேன் என்று நான் செய்த சபதம் உங்களுக்கு நினைவிருக்குமே. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே ஓவிய ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை ரிலீஃப் டீச்சராக வர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். "எப்போ வரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

முதல் வாரமே ஒரு கூத்து. அந்த ஆசிரியை மிகவும் ஒழுங்கானவர். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாதிரிப் படம் வரைந்து கோப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைய படம் குத்துவிளக்கு. ஆசிரியர் அறையில் அதைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடித்தேன். கோப்பையைத் தூக்கிய பிறகுதான் பார்க்கிறேன், படத்தின் மூலையில் பழுப்பாக ஒரு வளையம். சரி, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று பலகையில் ஒட்டிவிட்டேன்.

வகுப்பு முடிந்து தாள்களை வாங்கினால் எல்லாவற்றிலும் குத்துவிளக்கு. எல்லாவற்றிலும் அதே மூலையில் பழுப்பு வளையம்! சிலர் பசைப்புட்டி மூடியை வைத்து வட்டமாகச் சுற்றி வரைந்திருந்தார்கள். யாழினி என்ற பெண் கோப்பி வழிந்திருந்த சின்ன வாலைக்கூட விடவில்லை. பக்கத்தில் இருந்த ரயானைக் கூப்பிட்டு, "இது என்ன?" என்று கேட்டேன். (வகுப்பில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

"தெரியாது டீச்சர். ஆனா உங்க படத்துல இருந்துச்சு."

"என்னன்னு கேக்க வேண்டாமா?"

"முக்கியமான விஷயமா இருக்கும்னு நினைச்சேன்."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது அந்தக் கண்கள்தான் மனதில் நின்றன. எவ்வளவு கூர்மை! ஒரு கறையைக்கூடத் தவறவிடவில்லை. இப்படிப்பட்ட கண்களுக்கு நாம் பார்க்கக் கொடுத்தது பலகையில் ஒட்டிய ஒரே ஒரு விளக்கு.

அடுத்த வாரம் மாதிரிப் படம் எதையும் ஒட்டவில்லை. மாதிரி காட்டுவதே தப்பு என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. "பிரஷ்ஷை எப்படிப் பிடிக்கணும், தண்ணி எவ்ளோ கலக்கணும், அதெல்லாம் காட்டு. என்ன வரையணும்னு மட்டும் காட்டாதே" என்பீர்கள். அதையே செய்தேன். உங்கள் ரப்பர் டப்பாவையும் கொண்டுபோனேன். பழைய பிஸ்கட் டின், உள்ளே டிஷ்யூ மெத்தை. வகுப்பு தொடங்கும்போது எல்லா ரப்பரும் அதில் படுத்துத் தூங்க வேண்டும். மணியடித்த பிறகுதான் எழுந்திருக்கும். பிள்ளைகள் வரிசையாக வந்து ரப்பர்களைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார்கள். ரயான் தாலாட்டே பாடினான். அழிக்க முடியாது என்றதும் முதலில் ஒரு திகைப்பு. கொஞ்ச நேரத்தில் தவறாகப் போன கோடெல்லாம் மரமாகவும் மழையாகவும் மாறத் தொடங்கியது. உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? நீங்கள் காட்டித்தானே நான் இதைப் பார்த்தேன்.

யாழினியிடம் மட்டும் இது பலிக்கவில்லை. ஒரு ரப்பரைப் பெட்டியில் போட்டாள். இன்னொன்றைக் காலுறைக்குள் வைத்திருந்தாள். குனிந்து குனிந்து எடுத்து, போட்ட ஒவ்வொரு கோட்டையும் அழித்தாள். தாள் தேய்ந்து அடியில் மேசை தெரிந்தது. கடைசியில் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டாள். "எனக்குத் தெரியல டீச்சர்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை அக்கா. தாளைப் பார்த்து இவ்வளவு பயந்த குழந்தையை நான் பார்த்ததில்லை.

சில வாரங்கள் கழித்து அவளுடைய அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். மதுரையிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தஞ்சோங் பகாரில் அலுவலகம்.

"டீச்சர், ரெண்டு நிமிஷம் பேசலாமா? செவ்வாய்க்கிழமை வந்தா வயித்து வலிங்கிறா. கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்புறம் டைம்டேபிளைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைதான் ஆர்ட்."

"மத்த பாடமெல்லாம் எப்படிம்மா?"

"எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட். வரையவும் வரும் டீச்சர், அதுதான் புரியல. சனிக்கிழமை டிராயிங் கிளாஸ் போறா. பாருங்களேன்."

போனில் காட்டினார். டால்ஃபின், சூரிய அஸ்தமனம், மறுபடியும் டால்ஃபின். ஒவ்வொன்றும் அச்சுப் போல இருந்தது. ஒரு கோடு பிசகவில்லை.

"இதெல்லாம் பார்த்துப் போட்டதா?"

"ஆமா. ஸ்டெப் பை ஸ்டெப்பா சொல்லித் தர்றாங்க. அப்படிச் சொன்னா அழகாப் போட்டுடுவா." கொஞ்சம் தயங்கினார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஆர்ட் பீரியட்ல மட்டும் அவளை லைப்ரரியில உக்கார வைக்க முடியுமா? டாக்டர் லெட்டர் வேணும்னாலும் வாங்கித் தர்றேன்."

அவர் கேட்டது நியாயம்தான். வலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் சும்மா இருப்பார்? ஆனால் ஒரு குழந்தையை லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டால், 'உனக்கு இது வராது' என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடாதா? பிறகு அவள் எப்போது திரும்பி வருவாள்? "எனக்கு ரெண்டு செவ்வாய்க்கிழமை குடுங்கம்மா. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா நானே லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தோன்றியது. கையில் ஒரு யோசனையும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போக எல்ஆர்டி ஏறினேன். புக்கிட் பாஞ்சாங்கில் அந்தக் குட்டி ரயில் அடுக்குமாடிகளை உரசிக்கொண்டு போகிற மாதிரி போகும். வீடுகளுக்கு மிகவும் பக்கத்தில் வரும்போது ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கி, பால் ஊற்றியதுபோல வெள்ளையாகிவிடும். அவர்கள் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். தாண்டியதும் கண்ணாடி தெளிந்துவிடும். நான் தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு ஜன்னல் வெள்ளையானபோது எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுக்கு மாதிரிப் படம் யார்கிட்டயும் கிடையாதே!" என்றேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நடுவில் மடிக்கச் சொன்னேன். "வெளிப்பக்கம் வெள்ளையாவே இருக்கட்டும். அதுதான் எல்ஆர்டி ஜன்னல். திறந்தா உள்ளே ஒரு வீடு. அந்த நேரத்துல அந்த வீட்டுல என்ன நடக்குது?" அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் அக்கா! ஒரு வீட்டில் குளியல் தொட்டி முழுக்க மீன்பிடித் தோணிகள். ஒரு வீட்டில் எல்லாரும் தரையில், நாற்காலிகள் மட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ரயான் வீட்டில் ஒரு தாத்தா பூனைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பூனைக்குச் சுடாதா?" என்றேன்.

"அது சில்க் பூனை டீச்சர். சூட்டைக் குறைச்சுதான் வச்சிருக்கார்."

யாழினி தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. என் கால் போகச் சொன்னது. உங்களை நினைத்துக்கொண்டு நிறுத்திக்கொண்டேன். நெடுநேரம் கழித்து அவளே எழுந்து வந்தாள். என் காதருகே தமிழில் கேட்டாள்.

"டீச்சர், உள்ள நிஜமா என்ன இருக்கு?"

"தெரியலம்மா."

"நீங்க டெய்லி அந்த டிரெயின்லதானே வர்றீங்க?"

"ஆமா. டெய்லி வெள்ளையாயிடுது."

"இன்டர்நெட்ல தேடிப் பார்த்தா?"

"அதுக்கும் தெரியாது லா."

புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "அப்ப நான் தப்பா வரைஞ்சா யாரு கண்டுபிடிப்பாங்க?"

"யாராலயும் முடியாது."

அந்த முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது பாருங்கள்! போய் உட்கார்ந்தாள். தாளைத் திறந்தாள். கிரயானை எடுத்தாள். காலுறையில் இருந்த ரப்பர் காலுறையிலேயே கிடந்தது.

மணியடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது அவள் பின்னால் போய் நின்றேன். நீல நிற சோபா. அதில் ஒரு சிங்கம். பிடரி நூடுல்ஸ் மாதிரி தொங்கியது. நாக்கு வெளியே நீட்டியிருந்தது. 'வெரி நைஸ்' என்ற வார்த்தை என் பல் வரைக்கும் வந்துவிட்டது. "நைஸ்னு சொன்னா பிள்ளை அதோட மூடி வச்சிடும்" என்று நீங்கள் சொன்னது சமயத்தில் வந்து காப்பாற்றியது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"சிங்கம் ஜன்னல் வழியா டிரெயினைப் பாக்குது டீச்சர். ஆனா டிரெயின் ஜன்னல் வெள்ளையா இருக்கே. உள்ள யாருன்னு அதுக்குத் தெரியல."

"அது என்ன நினைக்குது?"

"நாமெல்லாம் ஆட்டுக்குட்டின்னு நினைக்குது. அதான் நாக்கு."

எத்தனை நாளாக அந்த ரயிலில் போய்வருகிறேன்! வீட்டுக்குள் என்ன என்று நான் யோசித்திருக்கிறேன். வீட்டுக்குள் இருப்பவருக்கு நாமும் வெறும் வெள்ளைதானே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கையை மேசைக்கடியில் ஒளித்துவைத்த பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அது எங்கே ஒளிந்திருந்தது அக்கா, இவ்வளவு நாளாக?

மணி அடித்தது. சிங்கத்துக்கு வால் போட நேரமில்லை. தாள்களை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கும் நம்பிக்கையில்லை. ஒரு நல்ல நாளை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு கட்டக்கூடாது என்பது நம் இரண்டு பேருக்குமே தெரியும். அந்த வாரம் முழுக்கக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் வாங்கிய இரண்டு செவ்வாயில் ஒன்று போய்விட்டது.

இன்னொரு செவ்வாயும் வந்தது. காலையில் பள்ளி வாசலில் அம்மாவும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கழுத்தில் அலுவலக அட்டை. முகத்தில் தூங்கிய களையே இல்லை.

"டீச்சர், இன்னிக்கும் வலிங்கிறா. சரி, வீட்டுல இருடின்னேன். நான் போன் பேசிட்டுத் திரும்புறதுக்குள்ள யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறா. வலிக்குதா இல்லையான்னு கேட்டா..."

"வலிக்குதும்மா" என்றாள் யாழினி. "ஆனா சிங்கத்துக்கு இன்னும் வால் போடல."

"என்ன சிங்கம்?"

"மூணாவது மாடி சிங்கம்."

அம்மா என்னைப் பார்த்தார். "அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். வெளிப்பக்கம் வெள்ளை. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திறக்கணும்மா" என்று யாழினி அலுத்துக்கொண்டாள். திறந்தார்.

டால்ஃபின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள். அவை நூடுல்ஸ் பிடரியில் நின்றன, நாக்கில் நின்றன, அப்புறம் கீழே போய்க் கால்களை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. மூன்றுதான் இருந்தன. அவர் வாயைத் திறந்தார். அந்த ஒரு நொடியில் நான் வேண்டாத சாமி இல்லை அக்கா. 'காலை ஒழுங்காப் போட வேண்டாமா' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பிள்ளை மறுபடியும் கையை ஒளித்துக்கொண்டுவிடும்.

"இன்னொரு கால் எங்கடி?" என்றார்.

"சோபாவுக்கு அடியில. ரிமோட் விழுந்துடுச்சு, காலாலயே தேடுது."

அம்மா ஒரு கணம் தாளைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. "அப்படியே உங்கப்பா!" என்றார். "குனிஞ்சு எடுத்தா என்ன குறைஞ்சிடும்னு டெய்லி கத்துறேனே, அது மாதிரியே!" யாழினியும் சிரித்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டுதான் ஓடினாள், ஆனால் ஓடினாள்.

"லைப்ரரி பத்திச் சொல்லியிருந்தேன்ல டீச்சர்" என்றார் அம்மா.

"சொன்னீங்க."

"அது இப்போதைக்கு வேணாம். பார்த்துக்கலாம்." கைப்பையை மாட்டிக்கொண்டு நடந்தார். சாலை ஓரம் வரை போனவர் திரும்பி வந்து, "டீச்சர், வால் போட்டதும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவீங்களா?" என்றார்.

அனுப்பினேன். வால் தாளின் ஓரத்தையும் தாண்டி மேசையில் கொஞ்சம் போயிருந்தது. அதையும் சேர்த்தே படம் எடுத்தேன்.

சனிக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை அக்கா. டால்ஃபினும் அவளுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது; அது இருந்துவிட்டுப் போகட்டும். சிங்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதானே? இப்போதும் சில செவ்வாய்க்கிழமை வலி வருகிறது. வந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டு வரைகிறாள். போன வாரம் யாரோ அவள் படத்தைப் பார்த்து அப்படியே போட்டிருந்தார்கள். "என்னோடதைப் பாக்காத, உன்னோட வீட்டுல யாரு இருக்கா?" என்று அவள் அதட்டியது என் காதில் விழுந்தது. அந்தக் குரலைக் கேட்டு நான் சாயத் தட்டைக் கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டேன். ஆமாம், அங்கே உங்கள் தட்டுகளை எல்லாம் யார் கழுவுகிறார்கள்? இங்கே இருந்தவரைக்கும் என்னைத்தானே கழுவ வைத்தீர்கள்!

அடுத்த மாதம் அந்த ஆசிரியை குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்புகிறார். என் வேலை முடிகிறது. ஆனால் பத்து மணிவரை தூங்குவதாக இல்லை. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாய் விரிப்பேன். தாளும் கிரயானும் இருக்கும். எந்தக் குழந்தை வேண்டுமானாலும் வரலாம். என் கால் நடக்கும்வரை அந்தப் பாயைச் சுருட்டி வைக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தைப் படித்து நம் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு குழந்தையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு, உங்கள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

கோகிலாக்கா, நீங்கள் எனக்குக் கூடப்பிறக்காமலே கிடைத்த அக்கா. நான் என்றும் உங்கள் தங்கை,
வசந்தா